ஐம்பது புள்ளி இரண்டு

ஐரோப்பியக் கண்டத்தின் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. தேவையை விட உற்பத்தி கூடினால் அந்த எண் ஏறும், குறைந்தால் இறங்கும். ஜெர்மனியில் கூரைச் சூரியத் தகடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த காலத்தில் ஒரு விதி போட்டார்கள்: 50.2-ஐத் தொட்டால் இன்வெர்ட்டர் உடனே கழன்றுகொள்ள வேண்டும். அன்றைக்கு அது பாதுகாப்பு!

2011 முடிவில் தகடுகளின் மொத்தத் திறன் சுமார் 25,000 மெகாவாட். நல்ல வெயிலில் அந்த எண்ணைத் தொட்டால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே நேரத்தில் காணாமல் போகும். கண்டம் முழுவதற்கும் அவசரக் கையிருப்போ 3,000 மெகாவாட் தான்.

இது வெறும் கற்பனையா என்றால், இல்லை. 2006 நவம்பர் 4 இரவு, கப்பல் ஒன்று எம்ஸ் ஆற்றைக் கடப்பதற்காக ஒரு மின்பாதையை நிறுத்தப்போய், கட்டமைப்பே மூன்று துண்டானது. வடகிழக்குத் துண்டில் எண் 51-ஐத் தாண்டியது. நல்லவேளை, இரவு.

2012 ஜூலையில் அரசாணை வந்தது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3,15,000 அமைப்புகளைத் திருத்த வேண்டும், எல்லாம் ஒரேயடியாகக் கழலக்கூடாது. செலவு? வழக்கம்போல மின்கட்டணம் கட்டுகிறவர்கள் தலையில். 2015 மார்ச் 20 சூரிய கிரகணத்தின்போது சூரிய மின்சாரம் சரசரவென இறங்கி ஏறியது, விளக்குகள் அணையவில்லை.