பழங்குழல்களின் காலமும் மதிப்பும்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மண்டைதீவுத் திருவெண்காட்டுச் சித்திவிநாயகர் ஆலயம் போன்ற தலங்களில் விழாக்காலத்தே ஒலிக்கும் நாதஸ்வரமும் ஒரு சான்றே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு குழலின் வயதை அறிவது எங்ஙனம்? அதன் மதிப்பை எதனைக்கொண்டு அளப்பது? மேனாட்டார் இவ்வகையில் நன்கு ஆராய்ந்துள்ள கருவிகளுள் சாக்சபோன் ஒன்று. அதனை முதற்கண் நோக்கிப் பின்னர் நம் குழலுக்கு வருவோம்.

பெல்ஜியத்திலே தினான் என்னும் ஊரில் 1814 இல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பவர், பாரிஸ் மாநகரிற் குடியேறி, 1846 இல் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை 1866 இல் முடிவுற்றதும் பிறரும் இதனைச் செய்யலாயினர். அமெரிக்காவிலே கொன், பூஷர் முதலிய தொழிற்சாலைகள் பெருந்தொகையாகச் செய்தன. சாக்ஸ் குடும்பத்தாரின் தொழிற்கூடம் 1929 இல் பிரான்சின் செல்மர் நிறுவனத்தார் கைக்கு மாறிற்று.

பழைய சாக்சபோனை இனங்காண விரும்புவோர் முதலில் நோக்குவது உடலின் பின்புறத்தே பொறிக்கப்பட்ட தொடரெண்ணை. செய்தோரின் ஆண்டுப் பட்டியலுடன் அதனை ஒப்புநோக்கின், கருவி பிறந்த காலம் பெரும்பாலும் புலனாகும். வாய்ப்புறத்திற் பொறித்த பெயரை மட்டும் நம்புதல் தகாது. ஒரு தொழிற்சாலை செய்த கருவி வேறொரு வணிகரின் பெயர் தாங்கி விற்கப்பட்டதும் உண்டு. அந்நிலையில் உறுப்பமைப்பே சான்றாகும். மேல்தாயி சுரங்களுக்கு இரண்டு சாவிகள் தனித்தனியே இருப்பின், அது தொன்மையின் அறிகுறி. புதுமை தோன்றும்படி தேய்த்து மெருகிட்ட கருவியில் பழைய சித்திரப் பொறிப்பு மழுங்கிவிடும். அறிந்தோர் அதனை விரும்பார்.

இவை யாவற்றினும் முதன்மையானது சுருதி. முற்காலத்து மேனாட்டு வாத்தியக் குழுக்களுட் சில உயர் சுருதியைக் கையாண்டன. இன்று பொதுவாக வழங்கும் சுருதியிலே அடிப்படைச் சுரம் செக்கனுக்கு 440 அதிர்வு உடையது. இவ்வளவை 1939 இல் இலண்டனிற் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உயர் சுருதிக் கருவியிலோ அது ஏறத்தாழ 457. அத்தகைய கருவியின் ஊதுவாயைச் சற்று வெளியே இழுத்துச் சுருதியைத் தாழ்த்தினாலும் குறை தீராது. துளைகளின் இடைத்தூரம் பழைய அளவுக்கே அமைந்தது ஆதலின், சுரங்கள் ஒன்றோடொன்று இணங்கா. ஆகவே சந்தையில் அதன் விலை தாழ்ந்தது.

இனி நம் குழலுக்கு வருவோம். சாக்சபோனும் நாதஸ்வரமும் நாணலை அதிரச் செய்து ஒலிப்பன. இரண்டன் உள்வெளியும் கூம்பு வடிவினது. நாதஸ்வரக் கலைஞரின் மைந்தராகிய கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்சபோனிலே கருநாடக இசையை வாசித்து, 1994 இல் இலண்டன் புரோம்ஸ் இசைவிழாவரை சென்றமை இவ்வுறவின் பயன் எனலாம்.

நாதஸ்வரத்திலே தொடரெண் பொறிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. எனினும் இங்கும் சுருதியே வழிகாட்டும். திமிரி நீளங் குறைந்தது, சுருதி ஏறியது. பாரி நீண்டது, சுருதி இறங்கியது. திமிரியிலே சுத்த மத்திமத்தை வாசிப்பவர் தம் மூச்சாலும் விரலாலுமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். அச்சுரம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாதஸ்வரத்தை 1955 இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கினார். அதன்பின் பாரி ஓங்கிற்று, திமிரி ஒதுங்கிற்று. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு 2022 இற் கிடைத்தது.

மரமும் சான்று கூறும். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த முதிர்ந்த ஆச்சா மரமே உலவு கடைவதற்கு உகந்தது. ஆதலின் மரத்தின் வயதைக் குழலின் வயதாகக் கொள்ளலாகாது. விரல் துளைகளின் தேய்வையும், கீழ்த்துளைகளில் மெழுகு இட்டுச் சுருதி திருத்திய அடையாளத்தையும் நோக்கல் வேண்டும். அம்மெழுகைச் சுரண்டுதல், வாசித்தவரின் கைச்சாத்தை அழித்தலை ஒக்கும்.

ஈண்டு ஓர் உண்மை புலனாகின்றது. வாசிப்பதற்குரிய மதிப்பு வேறு; வரலாற்றுக்குரிய மதிப்பு வேறு. உயர் சுருதிச் சாக்சபோனும் பழந்திமிரியும் இன்றைய கச்சேரிக்கு உதவாமற் போகலாம். ஆயின் நம் பாட்டன்மார் எச்சுருதியில் இசை கேட்டனர் என்பதை அவையே நமக்கு ஒலித்துக் காட்டவல்லன.

மேனாட்டுக் கருவி தன் எண்ணைத் தன் உடலிலே தாங்கியுள்ளது. எவர் கையிற் சென்றாலும் அது தன் பிறப்பைக் கூறும். நம் குழலின் வரலாறோ அதனை வைத்திருப்பவரின் நினைவிலேயே தங்கியுள்ளது. 1990 இல் மண்டைதீவு முதலாய தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுடைமையும் நினைவும் ஒருங்கே சிதறின. உடைமை மீண்டாலும், அதனைப் பற்றிச் சொல்லுவார் இலராயின் அது வெறும் மரத்துண்டே. ஆதலின் ஒரு வீட்டுப் பெட்டியில் பழங்குழல் கிடைக்குமாயின், அதனைத் துடைத்து மெருகிடுமுன், எவர் வாசித்தார், எக்கோயிலில் வாசித்தார், எங்கிருந்து பெற்றார் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி அதனுடன் வைத்தல் மாணவர் கடன். நம் குழலுக்கு அவ்வேடே தொடரெண் ஆகும்.