சீட்டில்லாப் பயணி

ரயிலின் வரலாறு பெரும்பாலும் எண்களால் எழுதப்படுகிறது. எத்தனை மைல் பாதை, எத்தனை டன் சரக்கு, எத்தனை லட்சம் பயணிகள் என்று ஆண்டறிக்கைகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. அந்த எண்களுக்குள் ஒருபோதும் அகப்படாத பயணி ஒருவர் உண்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் கணக்கிலும் இடமில்லை. ஆனால் ரயிலில் போவதற்காகவே ரயிலில் போகிறவர் அவர் ஒருவர்தாம்.

அத்தகைய பயணி ஒருவருடன் சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில் குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையம் வரையிலும், அங்கிருந்து வண்டி மாறி இராயபுரம் வரையிலும் சென்று வந்தோம். தமக்கை, தம்பி என நாங்கள் இருவர். எண்பதை எட்டும் எங்கள் தந்தையார். தமக்கையின் இரண்டரை வயது மகன். வாங்கிய சீட்டுகள் மூன்று.

தந்தையாரை இசையவைப்பது எளிதாக இருக்கவில்லை. பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றிய அவர், முப்பத்தோராண்டுகள் இதே தடத்தில் சீசன் டிக்கெட்டுடன் போய்வந்தவர். 2003இல் ஓய்வு பெற்றபின் ஒருமுறைகூட ஏறியதில்லை. "அந்த வண்டில வேடிக்கை பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் சிறுவராயிருந்தபோதும் அதையேதான் கேட்டார். எங்களை ஒருநாளும் அவர் ரயிலுக்கு அழைத்துச் சென்றதில்லை. சீசன் டிக்கெட் ஒருவருக்கு மட்டுந்தான் என்பது அந்நாளில் அவர் சொன்ன காரணம். அது எங்கள் மனத்தில் ஒரு சிறு குறையாகவே தங்கிவிட்டது.

குறையை வரலாற்றிடம் கொண்டுபோனால் அது வேறு விடை தருகிறது. சென்னைப் பகுதியில் இருப்புப்பாதை முதலில் மனிதருக்காகப் போடப்பட்டதன்று. 1837இல் செங்குன்றத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ஓடியது சாலை போடக் கல் சுமந்த வண்டி. அதன் பின்னணியில் இருந்தவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பயணியர் ரயில் ஓடியது. மூன்றாண்டுகள் கழித்து, 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நூறு கிலோமீட்டர் அளவுள்ள பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. துறைமுகத்துக்குச் சரக்கும், கலகம் எழும் இடத்துக்குப் படையும் விரைந்து போகவேண்டும் என்பதே பாதை போட்டவர்களின் முதற்கவலை. மக்கள் இவ்வளவு பெருந்திரளாக வந்து ஏறுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

தாம்பரம் தடம் வேறு கதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு மீட்டர் பாதையில் மின்சார ரயிலை 1931இல் ஓடவிட்டது. மாம்பலத்து ஏரி நிலத்தில் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கோட்டையையும் பாரிமுனையையும் நம்பிப் பிழைத்த குமாஸ்தா, சைதாப்பேட்டையிலோ பல்லாவரத்திலோ குடியிருந்துகொண்டு காலையில் போய் மாலையில் திரும்ப இயன்றது இந்த வண்டியால்தான். நகரம் தெற்கே நீண்டது. கூடவே ஒரு புதுவகை மனிதனும் தோன்றினான்: ஆயுளில் பல ஆயிரம் முறை ரயிலேறியும் ஒருமுறைகூடப் பயணம் போகாதவன். எங்கள் தந்தையார் அந்த இனத்தைச் சேர்ந்தவர். கல் சுமந்த வண்டிக்கும் கோப்பு சுமந்தவரின் வண்டிக்கும் நோக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

குழந்தைக்கு இந்த நோக்கம் எதுவும் தெரியாது. திரிசூலத்தருகே தலைக்குமேல் தாழப் பறந்த விமானத்தை நாங்கள் சுட்டிக்காட்டினோம், அவன் பார்க்கவில்லை. எதிர்த்தடத்தில் வந்த வண்டியை நோக்கி "கூ" என்றான். பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று வண்டி நிற்கும்தோறும் இறங்க மறுத்தான்; நாங்களும் இறக்கப்போவதில்லை என்று தெரிந்தபின் அமைதியானான்.

இராயபுரத்துத் தூண்களை அவனுக்குக் காட்டவேண்டும் என்பது எங்கள் ஆசை. பம்பாயிலும் தாணாவிலும் எழுந்த முதற்கட்டடங்கள் மறைந்துவிட்டமையால், இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் இதுவே பழமையானது என்பர். 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் மெல்ல மெல்ல ஒதுங்கி, பாழடைந்து, 2005இல் செப்பனிடப்பெற்ற கட்டடம். ஆனால் கடற்கரையில் வண்டி மாறிய சில நிமிடங்களிலேயே பையன் உறங்கிவிட்டான். நாங்கள் இருவரும் தூண்களைப் பார்த்துவரச் சென்றோம். தந்தையார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலிலிருந்த பெஞ்சில் அமர்ந்திருந்தார். நூற்றெழுபது ஆண்டுப் பழமையை நாங்கள் மட்டுமே கண்டோம்.

திரும்பும்போது மாலையாகிவிட்டது. பேச்சுவாக்கில் தந்தையார் தாமாகவே சொன்னார்: அலுவலகம் விட்டு வரும் வண்டியில் இடம் கிடைத்த நாளெல்லாம் எழும்பூர் தாண்டுமுன் கண்ணயர்ந்துவிடுவாராம். சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றுப் பாலத்தில் சக்கரத்தின் ஒலி மாறும், அந்த ஒலிக்கு விழிப்பு வந்துவிடும், குரோம்பேட்டையைத் தவறவிட்டதில்லையாம். மீட்டர் பாதை வண்டிகள் 2004இல் நின்றுபோய், 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை வந்துவிட்டது. இப்போது அந்த ஒலி எப்படியிருக்குமோ என்று ஐயப்பட்டார்.

வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது பொய்யன்று என்பது அப்போதுதான் எங்களுக்குப் புலப்பட்டது. அவர் அந்தத் தடத்தைக் கண்ணால் அறிந்தவரல்லர். எங்களுக்குக் காட்ட அவரிடம் காட்சி ஏதும் இருந்திருக்கவில்லை. இருந்தது களைப்பு மட்டுமே. அதைப் பிள்ளைகளிடம் காட்ட அவர் விரும்பியிருக்கமாட்டார்.

சைதாப்பேட்டையில் நின்று புறப்பட்ட வண்டி பாலத்தில் ஏறியது. ஒலி மாறிற்று. அவர் தோளில் கிடந்தவன் தலையை நிமிர்த்தினான்.

"எனக்கு முழிப்பு வர்ற இடத்துலயே இவனுக்கும் வருது பாரு," என்றார் தந்தையார். பிறகு இருக்கையில் நகர்ந்து, குழந்தையைச் சன்னலோரம் நிறுத்தி, கீழே தெரிந்த ஆற்றைத் தாமும் குனிந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு எப்போது என்று இப்போது வீட்டில் இருவர் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் சீட்டு வாங்கவேண்டும்.