பூங்காவுக்கு அடியில் இருந்த வீடுகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், செயின்ட் பால் தெருவை ஒட்டி நீளமாக ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் பிரஸ்டன் பூங்கா. தோழர்களே, அந்த ஜேம்ஸ் பிரஸ்டன் யார் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர். மேரிலாந்து சட்டமன்றத்தில் சபாநாயகராக இருந்தவர். 1911 முதல் 1919 வரை மேயர்.

அதற்கு முந்தைய ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஜார்ஜ் மெக்மெக்கன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வெள்ளையர் தெருவில் குடியேறினார். (படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்கும்தான் சொல்கிறார்கள்.) வெள்ளையர் கொந்தளித்தனர். 1910 டிசம்பரில், முற்போக்காளர் என்று பெயரெடுத்த அப்போதைய மேயர் மஹூல் ஒரு நகரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருப்பகுதிக்குக் கறுப்பர் குடிவரக் கூடாது. கறுப்பர் பகுதிக்கு வெள்ளையரும் வரக் கூடாதாம். என்ன ஒரு சமத்துவம்! ஊர் வேறு, சேரி வேறு என்பதைத்தான் சட்ட மொழியில் எழுதியிருந்தார்கள். வேறு பல நகரங்களும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன.

1913இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிரஸ்டன் ஆட்சி அதைத் திருத்தி மறுபடியும் கொண்டுவந்தது. 1917இல், லூயிவில் நகர வழக்கில், உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டத்தை வீழ்த்தியது. எதன் பேரில் என்பதைக் கவனியுங்கள். கறுப்பரின் மானத்தை முன்வைத்து அல்ல. சொத்துக்காரர் தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் உரிமையை முன்வைத்து.

பிரஸ்டன் சட்டத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. நகரை அழகுபடுத்துவதாகச் சொல்லி, நகர மையத்தில் கறுப்பர் வாழ்ந்த வீடுகளைக் கையகப்படுத்தி இடித்தது அவரது நிர்வாகம். இடித்த இடத்தில்தான் அந்தப் பூங்கா நிற்கிறது.