அணுவை நிறுத்திய பார்வை

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மிளகுக் கிடங்குகளைக் கொச்சியில் குடியேறிய நாம் நன்கு அறிவோம். நூறு முறை நிறுத்தாலும் மிளகின் எடை மாறுவதில்லை. அளப்பதால் பொருள் மாறாது என்பதே வணிகத்தின் அடிப்படை. அணுவின் உலகிலோ இவ்விதி செல்லாது. அதன் விளைவை இறுதிவரை கணக்கிட்டுப் பார்த்த அறிஞருள் ஒருவர் நமக்கு அண்டை ஊரினர். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்த ஈ. சி. ஜி. சுதர்சனே அவர்.

நாம் பிழைப்பை நாடி மேற்கே வந்தோம். அவர் கல்வியை நாடிக் கிழக்கே சென்றார். தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

1977ஆம் ஆண்டில் அவரும் வைத்தியநாத மிஸ்ராவும் ஒரு வியத்தகு முடிவை வெளியிட்டனர். சிதையும் இயல்புடைய துகளை, ‘சிதைந்ததா?’ என்று இடைவிடாது நோக்கிக்கொண்டே இருந்தால் அது ஒருபோதும் சிதையாது! காரணம் இதுவே: ஒவ்வொரு நோக்கும் துகளைத் தொடக்க நிலைக்கே மீட்கிறது. மிகச் சிறிய கால இடைவெளியைப் பாதியாக்கினால், மாறும் வாய்ப்பு பாதியன்று, கால் பங்காகிறது. எனவே நோக்குதல் பெருகப் பெருக மாற்றம் அருகும். ஆயினும், ஆய்வுக் கருவிகளில் தடம் பதித்துச் செல்லும் துகள்கள் நம் கண்ணெதிரே சிதைகின்றனவே! இம்முரண்பாட்டை அவர்களே எடுத்துக் காட்டி, பறக்கும் அம்பு அசைவதில்லை என்று வாதித்த கிரேக்க அறிஞர் சீனோவின் பெயரை அதற்குச் சூட்டினர்.

கணக்கு மெய்யா, பொய்யா? அதற்கு விடை கூறக் குளிர்ந்த அணுக்கள் வேண்டியிருந்தன. 1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், லேசர் ஒளியால் குளிர்விக்கப்பட்ட சுமார் 5,000 பெரிலிய அயனிகளை 64 முறை வரை நோக்கினர். நோக்கம் மிகுந்தபோது மாறிய அயனிகள் குறைந்தன. 2001இல் சுதர்சன் பணியாற்றிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே, மார்க் ரைசன் குழுவினர் அதிகுளிர் சோடிய அணுக்களை ஆராய்ந்தனர். அடிக்கடி நோக்கினால் சிதைவு தாமதித்தது. இடைவெளியை மாற்றினால் விரைந்தது. ஆகவே, வெறும் பார்வை போதாது. பார்க்கும் வேகமே முடிவு செய்கிறது.

2015இல் பாரிஸ் நகரில் இப்பார்வை ஆக்கவும் வல்லது என்று கண்டனர். இரு கண்ணாடிகளுக்கிடையே 36 ரூபிடிய அணுக்களை வைத்து, அவற்றின் ஒரு கூட்டு நிலையை மட்டும் ஒளியால் காவல் காத்தனர். அந்நிலை புகவொண்ணாததாயிற்று, அணுக்களோ ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தன. பின்னிப்பிணைந்த அணுக்களுள் ஒன்றன் நிலையை மட்டும் தனித்து முழுமையாக உரைத்தல் இயலாது. ஆதலின் அச்சோதனையைப் பன்முறை செய்து, பெற்ற அளவுகளைத் தொகுத்துக் கூட்டு நிலையைக் கணித்தே அப்பிணைவை உறுதி செய்தனர்.

சுதர்சன் 2018இல் மறைந்தார். மட்டாஞ்சேரித் தராசு மிளகை மாற்றாது. அணுவின் தராசோ, நிறுக்கப்படும் பொருளின் போக்கையே மாற்றும். காயற்கரையில் பிறந்து தாம்பரத்தில் பயின்ற ஒருவரின் கணக்கு இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.