அகதியின் கையில் இருக்கும் போன்

அகதிகள் பற்றி யார் எதை எழுதினாலும் கீழே ஒரு பின்னூட்டம் தவறாமல் வந்துவிடுகிறது: "அகதி என்கிறீர்கள், கையில் டச் போன் இருக்கிறதே?" 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு ஒதுங்கியதிலிருந்து, நம் பக்கத்திலும் இதை அடிக்கடி காண்கிறோம். கேட்பவர்களோடு சண்டை பிடிப்பதை விட அந்தப் போனின் வரலாற்றைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மியன்மாரில் இராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரு சிம் அட்டை ஆயிரக்கணக்கான டொலருக்கு விலை போனது. 2014இல் டெலிநோர், ஊரிடூ ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் வந்த பிறகு அது 1,500 கியாட் ஆனது, ஏறக்குறைய ஒன்றரை டொலர். நாடே ஒரேயடியாகப் பேஸ்புக்கில் ஏறியது. எது உண்மை, எது வதந்தி என்று பிரித்துப் பார்க்க யாரும் அந்தச் சனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரோஹிங்யாக்களுக்கு எதிரான வெறுப்பு அதில்தான் பரவியது. 2018இல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு இதை வெளிப்படையாகவே சொன்னது. திகன கலவரத்தைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2017 ஓகஸ்ட் 25க்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி பங்களாதேஷின் கொக்ஸ் பஸாருக்கு ஓடினார்கள். எரிந்த கிராமங்களின் வீடியோக்களும் பிள்ளைகளின் படங்களும் அந்தப் போன்களுக்குள் இருந்தன. பலருக்கு அதுதான் மிஞ்சிய ஒரே ஆவணம். ஆனால் முகாமில் அந்தப் போனுக்கு சிம் போட முடியவில்லை. பங்களாதேஷில் அப்போது தேசிய அடையாள அட்டையும் கைரேகையும் இல்லாமல் சிம் பதிய முடியவில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை மியன்மாரின் பிரஜைகளாக ஏற்கவில்லை. பங்களாதேஷுக்கும் அவர்கள் பிரஜைகள் இல்லை. ஆகவே வேறு யாரோ ஒருவரின் பெயரில் பதிந்த சிம்மைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்கள். எல்லையோரமாக இருந்தவர்கள் மியன்மார் சிம்மைப் போட்டு, அந்தப் பக்கத்து சிக்னலைப் பிடித்தார்கள். எந்த நாடு துரத்தியதோ, அதே நாட்டின் சிக்னல்!

2019 ஓகஸ்ட் 25, இரண்டாவது ஆண்டு நினைவு நாள். முகாமில் ஏறக்குறைய 2 இலட்சம் பேர் அமைதியாகக் கூடினார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் மியன்மாருக்குத் திருப்பி அனுப்பும் முயற்சி ஒன்றுக்கு யாருமே வராமல் விட்டிருந்தார்கள். அரசாங்கம் எரிச்சலடைந்தது. செப்டெம்பரில் சிம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 3ஜி, 4ஜி சேவைகளை முதலில் இரவில் மட்டும், பிறகு முழு நாளும் வெட்டியது. பாதுகாப்புக்காக என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ராக்கைனில் அதே ஆண்டு ஜூனிலேயே மியன்மார் அரசு இணையத்தை வெட்டியிருந்தது. தப்பி வந்தவர்களுக்கும் தங்கிவிட்டவர்களுக்கும் ஒரே ஆண்டில் இரண்டு அரசுகள் ஒரே வேலையைச் செய்தன.

அதே 2019இல் ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு இங்கே பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் ஒன்பது நாள் முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று அறிய வீபிஎன் தேடி அலைந்தோம். அவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்த வருடத்துக்குள்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் முகாமின் கற்றல் நிலையங்கள் மூடப்பட்டன. மே மாதம் முகாமில் முதல் தொற்று. நோய் கண்டவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்று வதந்தி பரவியது. சனங்கள் பரிசோதனைக்குப் போகவே பயந்தார்கள். இணையம் அந்த ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பியது. நம் பிள்ளைகளில் சிலர் சிக்னலுக்காக மரத்திலும் மலையிலும் ஏறினார்கள், நாங்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தோம். குறைகள் ஆயிரம், ஆனாலும் ஏறினால் சிக்னல் கிடைத்தது.

இளைஞர்களின் நிலை இன்னும் மோசம். கற்றல் நிலையங்கள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பதினான்கு, பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. மியன்மார் பாடத்திட்டத்தைக் கற்பிக்க 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தும், தொடங்க 2021 கடைசியானது. அதே டிசம்பரில், அகதி ஆசிரியர்கள் தாங்களாகவே நடத்திய பள்ளிகளை மூடும்படி உத்தரவு வந்தது. நிரந்தரக் கட்டடம் கட்ட அனுமதி இல்லை, மூங்கிலும் தார்ப்பாயும்தான். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழ் கணினி அறை அமைப்பது எப்படி என்று நம் பாடசாலை கணினிக் கூடத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கணினிப் பயிற்சி என்றதும் நமக்கு வேர்ட், எக்செல், சான்றிதழ் ஞாபகம் வரும். அங்குள்ள இளைஞர்கள் போனை வைத்து வேறு பாதையில் போனார்கள். படம் எடுக்கப் பழகியவர்கள் சேர்ந்து 'ரோஹிங்யாடோகிராஃபர்' என்ற சஞ்சிகையை வெளியிட்டார்கள். தங்கள் முகாமைத் தாங்களே எடுத்த படங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்காகக் குரல் பதிவில் செய்தி அனுப்பினார்கள்.

மொழி விடயம் எங்களை அதிகம் தொட்டது. ரோஹிங்யா மொழிக்கு 1980களில் முஹம்மத் ஹனீப் என்பவர் ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். அரபு போல வலமிருந்து இடமாக எழுதுவது. நம் மூத்தவர்களின் அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கண்டவர்களுக்கு இந்த ஆசை புரியும். 2018 ஜூனில் ஹனீபி எழுத்து யுனிகோடில் சேர்ந்தது. நாடு இல்லாத, குடியுரிமை இல்லாத ஒரு சனத்தின் எழுத்துக்கு உலகக் கணினிகளில் இடம் கிடைத்துவிட்டது. அந்த எழுத்தைத் தட்டச்சு செய்ய வேண்டிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டே இணையம் வெட்டப்பட்டது.

2025 ஜூனில் நிதி இல்லாமல் யுனிசெப் கற்றல் நிலையங்களை இடைநிறுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள்.

இனி நம் நாடு. 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பில் இருந்த 31 ரோஹிங்யாக்களின் வீட்டைக் கும்பல் சூழ்ந்தது. இலங்கை 1951 அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கு இங்கே வேலை செய்யும் உரிமையும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு புத்தளம் வந்த நம் உறவுகள் எத்தனை வருடம் கஷ்டப்பட்டாலும், அவர்கள் இந்நாட்டுப் பிரஜைகள் என்பதை எந்தச் சட்டமும் மறுக்கவில்லை. முல்லைத்தீவில் வந்திறங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு அரிசி, சாரம், பால்மா சேர்த்தவர்கள் நம்மிடையே உண்டு, அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அடுத்த தடவை சேர்க்கும்போது இன்னும் இரண்டு விடயங்களையும் பொறுப்பானவர்களிடம் விசாரியுங்கள்: அங்குள்ள பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ராக்கைனிலோ கொக்ஸ் பஸாரிலோ இருக்கும் தாயோடு கதைக்க அவர்களுக்கு வழி இருக்கிறதா என்று.