ஈய வாத்துகள் பிடித்து வைத்த வளைவு

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடம்: பாகத்தின் விளிம்பில் 'நோடு' எனும் கணுப்புள்ளிகள் சிலவற்றைத் தொட்டு ஒரு பாதை வகுத்து, அதன் நெடுகத் தகைவு எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடம் எடுப்பது. விளிம்பு நேராக இருந்தால் இரண்டு நோடு போதும். வளைந்திருந்தால்தான் தலைவலி. நாலைந்து புள்ளிகளைச் சொல்லிவிட்டு, நடுவில் உள்ள வளைவை எப்படிச் சொல்வது?

கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்தத் தலைவலி கப்பல் கட்டுபவர்களுக்கு வந்துவிட்டது. கப்பலின் வளைவுகளை அவர்கள் முழு அளவில் தரையிலேயே வரைவார்கள். அவ்வளவு பெரிய தரை பட்டறையின் மேல்மாடியில்தான் கிடைத்தது. ஆங்கிலத்தில் அந்த மாடிக்கு 'லாஃப்ட்' என்று பெயர். இன்றைய கேட் (CAD) மென்பொருளிலும் 'லாஃப்ட்' என்றொரு கட்டளை இருக்கிறது. வரையும் கருவி, 'ஸ்பிளைன்' எனப்பட்ட, மரத்தாலான மெல்லிய பட்டை. அதை வளைத்து ஆங்காங்கே ஈயக் கட்டிகளால் பிடித்து வைப்பார்கள். கட்டிகளின் உருவத்தைப் பார்த்து யாரோ அவற்றுக்கு 'வாத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லா வாத்துகளையும் தொட்டபடி, முடிந்தவரை குறைவாக வளைந்து பட்டை படுத்துக்கொள்ளும். கணக்கைப் போட்டது மரம்; மனிதர் பென்சிலை ஓட்டினார், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் காகிதத்தில் பிடித்தவர்களில் முக்கியமானவர் கணிதவியலாளர் ஐசக் ஷோன்பெர்க். 1946-இல் வெளியான கட்டுரையில், துண்டு துண்டாக இணைந்து ஓடும் தன் சமன்பாடுகளுக்கு அந்தப் பட்டையின் பெயரையே வைத்தார்.

அடுத்து பிரான்சின் கார் தொழிற்சாலைகள். சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ 1959 வாக்கில் ஒரு வழி கண்டார்: வளைவைத் தொடாமல், வெளியே நின்று இழுக்கும் சில புள்ளிகளாலேயே அதை ஆட்டிவைக்கலாம். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வெளியிட அனுமதி கிடைத்தது. அதனால் உலகம் 'பெசியே வளைவு' என்கிறது. மறைத்து வைத்ததற்கு சிட்ரோயன் கொடுத்த விலை இது என்பேன். 1980-களில் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் இதே வளைவை எழுத்துருக்களுக்கு எடுத்துக்கொண்டது. கார் கதவுக்குப் பிறந்த சூத்திரம் 'ழ'கரத்தின் சுழிவரை வந்தது இப்படித்தான்.

வேடிக்கை போயிங்கில். விமான இறக்கையைச் சிறு சிறு முக்கோணங்களாக வெட்டிக் கணக்கிடும் முறையை டர்னர், கிளஃப் குழுவினர் 1956-இல் வெளியிட்டார்கள். 1960-இல் கிளஃப் அதற்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் அதே போயிங்கில் ஜேம்ஸ் ஃபெர்குசன் விமான உடலின் வளைவுகளைச் சமன்பாடுகளாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரே நிறுவனம், ஆனால் இரண்டு கலைகளும் வெவ்வேறு வழியில் போயின. வரைபவர் வழவழப்பாகக் கொடுத்ததை ஆய்வு செய்பவர் நேர்த் துண்டுகளாக நறுக்கினார். 1960-களில் புரூஸ் அயன்ஸ் போன்றவர்கள் விளிம்பின் நடுவிலும் ஒரு நோடு வைத்து எலிமென்ட்டையே வளைத்தது பாதி மருந்து. வரைந்த ஸ்பிளைனிலேயே நேராகக் கணக்கிடலாம் என்று டாம் ஹியூஸ் குழுவினர் 2005-இல் சொன்னபோதுதான் பிரிந்த இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

இருந்தும் நம்மில் பலர் இன்னும் நோடுகளைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறோம். துளையைச் சுற்றிப் பாதை வேண்டும் என்று ஆன்சிஸ் மென்பொருளில் இரண்டு நோடுகளை மட்டும் கொடுத்தால், அது சாதாரண ஆயமுறையில் நேர்க்கோடாகத் துளைக்குள் புகுந்து போகும். அங்கே உலோகமே இல்லை. துளையின் மையத்தில் ஓர் உருளை ஆயமுறையை வைத்து, அதே இரண்டு நோடுகளைக் கொடுத்துப் பாருங்கள். பாதை விளிம்போடு வளைந்து வரும்.