மே மாதத்து மலை: சேர்வராயனில் வேளாண்மையும் பொதுப்பார்வையும்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் அரசின் கோடை விழா மே மாதத்தில் நடப்பது வழக்கம். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி என மலை கூட்டத்தால் நிறையும். ஆனால் அப்போது காப்பி பிஞ்சு நிலையில் இருக்கும். மார்ச், ஏப்ரல் கோடை மழையில் பூக்கும் அரபிகா, நவம்பரையொட்டித்தான் பழுத்துப் பறிப்புக்கு வருகிறது. மானாவாரிச் சாமைக்கு மே மாதம் விதைப்புக்கு முந்திய காலம். விழா பின்பற்றுவது சமவெளியின் வெயிலையும் பள்ளி விடுமுறையையும்தான். மலையை ஓய்விடமாக மட்டும் காணும் இந்தப் பழக்கமே அங்குள்ள உழவரைப் பொதுவாழ்வில் மறைத்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்பழக்கத்தின் வேர் காலனியக் காலத்தில் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டின் கதையை அவரிலிருந்து தொடங்குவது இன்றும் வாடிக்கை. அவருக்கு முன்பே மலையாளிப் பழங்குடியினர் இச்சரிவுகளில் பயிரிட்டு வாழ்ந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. காப்பியில் தொடங்கும் வரலாற்றில் அவர்கள் தோட்டத்துக் கூலிகளாக மட்டுமே இடம்பெறுகிறார்கள்.

திரைப்படமும் இந்தப் பார்வையை மாற்றவில்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் ஏற்காடு சாலையில்தான் இயங்கியது. ஆயினும் தமிழ்த் திரையில் மலைத்தோட்டம் பெரும்பாலும் முதலாளியின் பங்களாவாகவோ காதலர் பாடும் சரிவாகவோ வருகிறது. பாலாவின் ‘பரதேசி’ (2013) தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரை மையப்படுத்தியது. அங்கும் நாம் காண்பது அடிமைப்பட்ட உழைப்பாளியை; தன் நிலத்தில் எதை விதைப்பது என முடிவுசெய்யும் மலை உழவரைத் திரையில் காண்பது அரிது.

மலர்க் கண்காட்சி தோட்டக்கலையைப் போற்றுகிறதே என ஒருவர் கேட்கலாம். உண்மைதான், சிறு வணிகருக்கு அது வருவாயும் தருகிறது. ஆனால் அங்கே பார்வைக்கு வைக்கப்படுவது விளைபொருள்; விளைவித்தவரின் அறிவு அல்ல. சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அதே மரத்தில் ஏறும் மிளகும், இடையே ஆரஞ்சும் வளர்க்கும் கலப்புப் பயிர்முறை தலைமுறைகளின் அனுபவம். அதை விளக்க உழவரே வேண்டும்.

மலையாளிகளுக்குத் தங்கள் பொதுவெளி இருக்கிறது. மே மாதத்திலேயே சேர்வராயன் கோயில் விழாவுக்கு மலைக்கிராமங்கள் திரள்கின்றன. தமிழகத்தில் பழங்குடியினருக்கென உள்ள 2 சட்டமன்றத் தனித்தொகுதிகளில் ஏற்காடு ஒன்று, மற்றது சேந்தமங்கலம். வழிபாட்டிலும் வாக்கிலும் பெற்றுள்ள இடத்தை அவர்கள் வேளாண்மையிலும் பெற வேண்டும். கோடை விழா தொடரட்டும். கூடவே காப்பிப் பறிப்புக் காலத்தில், மலைக்கிராமத்து உழவர்களே திட்டமிட்டு நடத்தும் அறுவடை விழா ஒன்றுக்கு அரசு நிதி ஒதுக்கட்டும். எதை, எப்போது, யார் காட்டுவது என்னும் முடிவு விளைவிப்பவர் கைக்கு வருவதே இந்த மலைக்குச் செய்யும் நியாயம்.